12345678987654321: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

ராத்திரி பதினோரு மணிக்கு வைபரில் நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். "மாமா, 12345678987654321 இரட்டை எண்ணாம், கடை கம்ப்யூட்டர் சொல்லுது" என்று எழுதியிருந்தாய். படத்தைப் பெரிதாக்கினால், கடைசியில் 21 இருக்க வேண்டிய இடத்தில் 00. உளுந்து மூட்டைக்குக் கணக்கு எழுதும் அந்தக் கம்ப்யூட்டர் கணக்குத் தாள் (ஸ்ப்ரெட்ஷீட்) பதினைந்து இலக்கம்தான் தாங்கும். மிச்சத்தைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிடும். மூட்டைக்கு அது போதும்.

சரி, பில் புத்தகத்தின் பின்பக்கத்தை எடு. 11 × 11 = 121. 111 × 111 = 12321. இப்படியே ஒன்பது ஒன்றுகளை எழுதி, அதை அதாலேயே பெருக்கு. ஒன்பது வரி வரும், எல்லாம் ஒன்றுகள்தான், ஒவ்வொரு வரியும் ஓர் இடம் இடப்பக்கம் தள்ளி நிற்கும். கூட்டும்போது வலது ஓரத்தில் ஒன்று, அடுத்து இரண்டு, நடுவில் ஒன்பது, அப்புறம் இறங்குமுகம்: அதுதான் உன் எண். எங்கேயும் பத்தைத் தொடாததால் "மனசில் ஒன்று" என்று சொல்லும் வேலையே இல்லை. பத்து ஒன்றுகளை எடுத்தால் அழகு கெட்டுவிடும்: 1234567900987654321. நடுவில் பத்து வந்ததும் மனசில் இருந்த ஒன்று பக்கத்து ஒன்பதைத் தள்ள, அது எட்டைத் தள்ளிவிட்டது.

உன் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 81. ஆக 9-ஆல் வகுபடும். உடனே 81-ஆலும் வகுபடும் என்று பாயாதே. 1899-இன் கூட்டு 27, ஆனால் 27-ஆல் வகுத்தால் மீதி 9. உன் எண் 81-ஆல் வகுபடுகிறது, ஆனால் காரணம் வேறு: 111111111-க்குள்ளேயே 9 ஒரு காரணியாக இருக்கிறது, வர்க்கத்தில் அது 9 × 9 ஆகிவிடும். 111111111-ஐ 9-ஆல் வகுத்தால் 12345679, இங்கேயும் எட்டைக் காணோம். அது 37 × 333667, இரண்டும் பகா எண்கள். உன் எண் வர்க்கம் என்பதால் எல்லாம் இரட்டிப்பு: 3 நான்கு தடவை, மற்றவை இரண்டு தடவை. ஒரு காரணியில் 3 எத்தனை தடவை வரலாம் என்பதற்கு ஐந்து வழி (பூஜ்யம் முதல் நான்கு வரை), மற்ற இரண்டுக்கும் மூன்று மூன்று வழி. ஆகக் காரணிகளை எண்ணினால் 5 × 3 × 3 = 45.

45 என்றதும் எனக்கு பர்மாவில் 1987 செப்டம்பர்தான் ஞாபகம். 25, 35, 75 கியாட் (பர்மா நாணயம்) நோட்டுகள் செல்லாது என்றாகிவிட்டது, மாற்றித் தரவும் இல்லை. அதே மாதம் 45, 90 கியாட் நோட்டுகள் வந்தன. ஆட்சி மேலிடத்துக்கு ஒன்பதுதான் ராசி என்று ரங்கூன் முழுக்கக் கிசுகிசு. தாத்தாவின் கல்லாவில் செத்துப்போன 75 கியாட் நோட்டுகளை வைத்து உன் அம்மாவும் நானும் கடை விளையாட்டு விளையாடினோம். சில்லறை கொடுக்கும்போது அவள் எப்போதும் ஏமாற்றுவாள்.

உன் எண்ணில் 45 வந்தது ராசியால் இல்லை, தற்செயல். ஆனால் 333667 பகா எண் என்பதை என் பேச்சை வைத்து நம்பாதே. 578-இன் வர்க்கம் 334084, 333667-ஐவிடப் பெரிது. அது பகா எண் இல்லையென்றால் 578-ஐவிடச் சிறிய பகா எண் ஒன்று அதை வகுத்தாக வேண்டும். அதனால் 577 வரையுள்ள 106 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். நான் 101 வரை முடித்துவிட்டேன். 103-லிருந்து நீ.

அன்புடன்,
மாமா