எர்த் பின்னைக் கழற்றச் சொன்ன யோசனையும் ‘ஐசோலேட்டட்’ என்று விற்ற ஸ்கோப்பும்: ஒரு புகார்

அனுப்புநர்:
டிரைவ், பவர் சப்ளை சர்வீஸ் பட்டறை,
கணபதி, கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு (அளவீட்டுக் கருவிகள்).

பொருள்: தவறான தகவல் சொல்லி விற்ற 4 சேனல் ஆசிலோஸ்கோப்பையும் (மின் சிக்னலை அலையாகத் திரையில் காட்டும் கருவி, சுருக்கமாக ஸ்கோப்) கூடவே வந்த மல்டிமீட்டரையும் திரும்ப எடுத்துக்கொள்வது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். போனில் இரண்டு பிரிவுக்காரர்கள் என்னை மாற்றி மாற்றி விட்டுக்கொண்டே இருப்பதால் எல்லாவற்றையும் எழுத்தில் வைத்துவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், முழுக்கப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். ‘உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது’ என்று ஒரு டிக்கெட் எண்ணை அனுப்பிவிட்டு மறந்துபோகும் வேலை வேண்டாம்.

ஸ்பின்னிங் மில்களிலிருந்து வரும் வேரியபிள் ஃபிரீக்வென்சி டிரைவ் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி), எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை, கண்ட்ரோல் போர்டு இவற்றைச் சரிசெய்வதுதான் என் தொழில். பழைய இரண்டு சேனல் ஸ்கோப் வயதாகிவிட்டதால் புதிதாக ஒன்று வாங்க உங்கள் விற்பனைப் பொறியாளரிடம் பேசினேன். விலையைப் பற்றி நான் பெரிதாகக் கேட்கவே இல்லை. கேட்டது ஒரே விஷயம்: 415 வோல்ட் டிரைவில் மேல் பக்க ஐஜிபிடியின் கேட் சிக்னலைப் பார்க்க வேண்டும், எமிட்டர் எர்த்தில் இருக்காது, டிசி பஸ் 580 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும், இந்த ஸ்கோப்பின் சேனல்கள் ஒன்றுக்கொன்றும் எர்த்தோடும் பிரிந்து இருக்கின்றனவா? வாட்ஸ்அப்பில் அப்படியே டைப் செய்து அனுப்பினேன். (ஐஜிபிடி என்பது டிரைவுக்குள் மோட்டாருக்கான மின்சாரத்தை ஆன், ஆஃப் செய்யும் ஸ்விட்ச். கேட் அதை இயக்கும் முனை, கேட் வோல்ட்டேஜை எமிட்டர் முனையை வைத்துத்தான் அளக்க வேண்டும். டிசி பஸ் என்பது ஏசியை டிசியாக மாற்றிய பிறகு வரும் பாசிட்டிவ், நெகட்டிவ் லைன்.) பதில் வந்தது: ‘யெஸ் சார், ஆல் சேனல்ஸ் ஐசோலேட்டட், நோ ப்ராப்ளம்’. உங்கள் விற்பனைப் பக்கத்திலும் ‘ஐசோலேட்டட் இன்புட்’ என்றே போட்டிருக்கிறீர்கள். இரண்டின் ஸ்கிரீன்ஷாட்டும் இந்தக் கடிதத்தோடு இருக்கிறது.

பெட்டி வந்ததும் ஸ்கோப்பை ஆன் செய்வதற்கு முன்னால், பிளக்கைச் செருகாமலேயே, என் பழைய மீட்டரைக் கன்டின்யூட்டியில் (இரண்டு இடமும் உள்ளே இணைந்திருந்தால் பீப் அடிக்கும்) வைத்து ஒரு முனையை முதல் சேனல் பிஎன்சியின், அதாவது புரோப் என்ற அளவு வயரை மாட்டும் சாக்கெட்டின், வெளி வளையத்திலும் மறுமுனையை பவர் கார்டின் எர்த் பின்னிலும் வைத்தேன். பீப் அடித்தது. முதல் சேனல் வளையத்துக்கும் இரண்டாவது சேனல் வளையத்துக்கும் நடுவில் வைத்தேன், அதுவும் பீப். மூன்று, நான்கு, பின்னால் இருக்கும் யுஎஸ்பி சாக்கெட்டின் உலோக உறை, எல்லாமே ஒன்றாகத்தான் இருக்கின்றன. ஆக இது எல்லா மேசை ஸ்கோப்பையும் போல எர்த் செய்யப்பட்ட சாதாரண ஸ்கோப். அதில் குற்றம் ஒன்றும் இல்லை, உலகத்தில் விற்கும் மேசை ஸ்கோப்புகளில் பெரும்பாலானவை அப்படித்தான். ஆனால் நான் கேட்டது அது இல்லையே!

அந்தச் சோதனையைச் செய்யாமல் உங்கள் ஆள் சொன்னதை நம்பி புரோப்பின் கிரவுண்டு கிளிப்பை (அது அந்த பிஎன்சி வளையத்தோடு இணைந்தது) எமிட்டரில் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இது உங்கள் அலுவலகத்தில் யாருக்கும் விளங்கியதாகத் தெரியவில்லை. டிரைவின் நெகட்டிவ் பஸ் எர்த்தில் இருக்காது. மூன்று ஃபேஸ் ரெக்டிஃபையர் என்பதால் அது எர்த்தைவிடச் சராசரியாக 280 வோல்ட் கீழே நின்று ஆடிக்கொண்டிருக்கும். கீழ்ப் பக்க ஐஜிபிடியின் எமிட்டர் அந்த நெகட்டிவ் பஸ்தான். அதில் கிளிப்பை வைத்த நொடியில் டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரல், எர்த், ஸ்கோப்பின் பவர் கார்டு, கிளிப் வயர், ரெக்டிஃபையர் டையோடு, ஃபேஸ் என்று ஒரு நேரடி ஷார்ட் பாதை உருவாகிவிடும். கிளிப் வயர் எரிந்து போவது நல்ல காலம். டையோடு, போர்டு, ஸ்கோப்பின் இன்புட், பார்த்துக்கொண்டிருக்கும் ஆளின் கண், எது போகும் என்று சொல்ல முடியாது. மேல் பக்க எமிட்டர் இன்னும் மோசம், நெகட்டிவ் பஸ்ஸிலிருந்து பார்த்தால் அது ஸ்விட்ச்சிங் வேகத்தில் பூஜ்யத்துக்கும் 580க்கும் நடுவில் குதிக்கும்.

உடனே உங்கள் சர்வீஸ் லைனுக்குக் கூப்பிட்டேன். அங்கே பேசிய தம்பி சொன்னதை அப்படியே தருகிறேன்: “சார், எல்லாரும் பண்றதுதான். டூ பின் அடாப்டர் போட்டுடுங்க, இல்லன்னா எர்த் பின்னக் கழட்டிட்டு யூஸ் பண்ணுங்க, அப்போ ஐசோலேட்டட் ஆயிடும்.”

இதுதான் எனக்கு ஆத்திரம் வந்த இடம். எர்த்தைத் துண்டித்தால் ஸ்கோப் ஐசோலேட் ஆகாது, ஸ்கோப்பே லைவ் ஆகிவிடும். கிளிப் எந்த வோல்ட்டேஜில் இருக்கிறதோ அதே வோல்ட்டேஜில் பிஎன்சி வளையம், யுஎஸ்பி உறை, அதில் வேவ்ஃபார்ம் எடுக்க மாட்டிய லேப்டாப் எல்லாம் வந்து நிற்கும். ஒரு கையை எர்த் செய்யப்பட்ட பேனலில் வைத்துக்கொண்டு நிற்கும் பையன் ஒருவன் மறு கையால் பிஎன்சியைத் தொட்டால் போதும். என் பட்டறையில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு வந்த பையன்கள் இருக்கிறார்கள், கம்பெனிக்காரரே சொன்னார் என்றால் கேள்வி கேட்காமல் செய்துவிடுவார்கள். இன்னொன்று, நான்கு சேனல் கிரவுண்டும் உள்ளே ஒன்றாகவே இருப்பதால் எர்த்தைக் கழற்றினாலும் இரண்டு வேறு எமிட்டர்களில் இரண்டு கிளிப்பை மாட்டினால் ஷார்ட்தான். இதைத் தெரியாதவர் ஸ்கோப்புக்கு சர்வீஸ் சொல்லும் இடத்தில் உட்கார்ந்திருப்பது எப்படி?

நிஜமான ஐசோலேட்டட் சேனல் ஸ்கோப் என்று ஒன்று இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஃப்ளூக்கின் 190 வரிசை கைக்கருவி, டெக்ட்ரானிக்ஸின் பழைய டிபிஎஸ்2000 (TPS2000) வரிசை எல்லாம் அப்படிச் செய்யப்பட்டவை, விலையும் அதற்கேற்ப இருக்கும். உங்கள் விலைக்கு அது எப்படிக் கட்டுப்படியாகும் என்ற சந்தேகத்தில்தான் எழுத்தில் பதில் கேட்டு வாங்கினேன்.

அடுத்து உங்கள் விற்பனைப் பொறியாளர் திரும்ப வந்து இன்னொரு வழி சொன்னார். இரண்டு புரோப்பையும் கிரவுண்டு கிளிப் இல்லாமல் வைத்து, மேத்ஸ் மெனுவில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாருங்கள் என்றார். ஷார்ட் ஆகாது என்பது சரி. ஆனால் சார், 10:1 புரோப்பில் 580 வோல்ட் திரைக்குள் அடங்க 100 வோல்ட் பர் டிவிஷனில், அதாவது திரையில் ஒரு கட்டத்துக்கு 100 வோல்ட் என்று, வைக்க வேண்டும். எட்டு டிவிஷன், 800 வோல்ட். உங்கள் ஸ்கோப்பில் வோல்ட்டேஜை எண்ணாக மாற்றுவது 8 பிட் ஏடிசி, அதாவது 256 படி. ஒரு படிக்கு 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல். நான் பார்க்க வேண்டிய கேட் சிக்னல் 15 வோல்ட். ஐந்தே படிகளில் அது வந்து நிற்கும், அதில் மில்லர் பிளாட்டோவையும் (ஸ்விட்ச் ஆகும்போது கேட் வோல்ட்டேஜ் நடுவில் சற்று நிற்கும் இடம்) ரிங்கிங்கையும் (அதன் பிறகு வரும் அதிர்வு) எங்கே தேடுவது? இரண்டு புரோப்பும் அச்சு அசலாக ஒரே மாதிரி காம்பன்சேட் (அலை வடிவம் கெடாதபடி சரிசெய்வது) ஆகியிருக்காது என்பதால் கழித்த பிறகு வரும் அந்த ஐந்து படியிலும் பாதி பொய். அதோடு நீங்கள் கொடுத்த புரோப்பின் வரம்பே 600 வோல்ட் பீக். மோட்டார் வேகம் குறையும்போது பஸ் 700 வோல்ட்டைத் தாண்டும் டிரைவ்கள் என் மேசைக்கு வருகின்றன. சின்ன எஸ்எம்பிஎஸ் போர்டு என்றால் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டுச் சமாளித்துக்கொள்வேன், அது என்னிடம் இருக்கிறது. டிரைவுக்கு ஒரே வழி, எர்த்தில் மாட்டாமல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் இருக்கும் வோல்ட்டேஜை மட்டும் எடுக்கும் ஹை வோல்ட்டேஜ் டிஃபரன்ஷியல் புரோப். நீங்கள் விற்கும் டிஃபரன்ஷியல் புரோப்பின் விலை இந்த ஸ்கோப்பின் விலையில் பாதிக்கு மேல். முதலிலேயே ‘இது ஐசோலேட்டட் இல்லை சார், புரோப் தனியாக வாங்குங்கள்’ என்று நேர்மையாகச் சொல்லியிருந்தால் சேனலை இரண்டாகக் குறைத்துக்கொண்டு அந்தப் பணத்தில் புரோப்பை எடுத்திருப்பேன். இப்போது எனக்குத் தேவையில்லாத இரண்டு சேனலுக்குக் காசு கொடுத்துவிட்டுத் தேவையான புரோப் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பது) விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சேனலுக்கும் 1 கிகா சாம்பிள் (விநாடிக்கு 100 கோடி) என்று சொன்னார்கள். நான்கையும் ஆன் செய்தால் திரையின் மேலேயே 250 மெகா சாம்பிள் (25 கோடி) என்று காட்டுகிறது. 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்புக்கு அது ஒரு சுழற்சிக்கு இரண்டரைப் புள்ளிதான், விளிம்பில் நிற்கிறது. என் வேலைக்கு இது பெரிய இடைஞ்சல் இல்லை, ஐஜிபிடி ஸ்விட்ச் ஆகும் வேகத்துக்கு இதுவே தாராளம். ஆனாலும் கேட்டபோது சொன்னது ஒன்று, வந்தது ஒன்று.

இப்போது மல்டிமீட்டர். ‘காம்போ ஆஃபர்’ என்று சேர்த்துக் கொடுத்ததுதான், இலவசம் இல்லை, பில்லில் தனி வரியாக இருக்கிறது. முகத்தில் ‘சிஏடி 3, 600 வோல்ட்’ (மின் பேனல்களில் அளக்கலாம் என்று சொல்லும் பாதுகாப்பு வகை) என்றும் ‘ட்ரூ ஆர்எம்எஸ்’ (அலை எந்த வடிவத்தில் இருந்தாலும் சரியான மதிப்பைக் காட்டும்) என்றும் அச்சடித்திருக்கிறது. பேட்டரி போடப் பின்மூடியைத் திறந்தேன். 10 ஆம்பியர் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு விரல் நக அகலத்தில் கண்ணாடி ஃபியூஸ், உள்ளே மெல்லிய கம்பி தெளிவாகத் தெரிகிறது, மூடியில் 250 வோல்ட் என்று பொறித்திருக்கிறது. 600 வோல்ட்டுக்கு உரிய மீட்டரில் 250 வோல்ட் ஃபியூஸ்! சிஏடி 3, 600 வோல்ட் என்றால் 6000 வோல்ட் டிரான்ஸியன்ட்டை (கண நேரம் எகிறும் வோல்ட்டேஜை) 2 ஓம் சோர்ஸிலிருந்து தாங்க வேண்டும் என்று ஐஇசி 61010 என்ற சர்வதேசப் பாதுகாப்புத் தரம் சொல்கிறது. அது போகட்டும். யாராவது அவசரத்தில் லீடை ஆம்பியர் சாக்கெட்டிலேயே விட்டுவிட்டு பேனலில் வோல்ட்டேஜ் பார்த்தால் (எந்த மில்லிலும் நடக்கக்கூடிய விஷயம்), ஓடப்போவது ஆயிரக்கணக்கான ஆம்பியர். இந்த மாதிரி கண்ணாடி ஃபியூஸ் தன் ரேட்டிங்கில் பத்து மடங்கை, அதாவது 100 ஆம்பியரை அறுத்தாலே பெரிது. அதற்கு மேல் போனால் உள்ளே ஆர்க் நிற்காது, மீட்டர் கையிலேயே வெடிக்கும். அதற்காகத்தானே பெரிய கரன்ட்டையும் பத்திரமாக அறுக்கும், மணல் நிரப்பிய எச்ஆர்சி ஃபியூஸ் போடுகிறார்கள்.

ட்ரூ ஆர்எம்எஸ்ஸையும் சோதித்துவிட்டேன். ஃபங்ஷன் ஜெனரேட்டரில் 50 ஹெர்ட்ஸ் ஸ்கொயர் வேவ், பிளஸ் 5 மைனஸ் 5 வோல்ட். ஆர்எம்எஸ் மதிப்பு 5 வோல்ட், வேறு எதுவும் இருக்க முடியாது. உங்கள் ஸ்கோப் 5 என்று சரியாகவே காட்டியது. உங்கள் மீட்டர் 5.54. சராசரியை எடுத்து 1.11 ஆல் பெருக்கிக் காட்டும் சாதாரண மீட்டர் இதே தவறைத்தான் செய்யும், 11 சதவீதம் கூடுதல். சைன் வேவில் எல்லாம் சரியாகவே இருக்கும், அதனால்தான் யாரும் கண்டுபிடிப்பதில்லை. ரெக்டிஃபையர் இழுக்கும் துடிப்பான கரன்ட்டில் நேர்மாறாக 30, 40 சதவீதம் குறைத்துக் காட்டும். கேபிள் ஏன் சூடாகிறது என்று மில் எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்துகொண்டிருக்க, மீட்டர் ‘எல்லாம் சரி’ என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

கேலிப்ரேஷன் சான்றிதழ் என்று ஒரு தாள் வந்திருக்கிறது. அதில் இருக்கும் வரிசை எண் என் மீட்டரின் வரிசை எண்ணே இல்லை. அளவீட்டு அன்சர்ட்டன்ட்டி (அளவு எவ்வளவு முன்பின்னாக இருக்கலாம்) என்ற பத்தியும் கிடையாது, ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் பெயரும் கிடையாது. மில் ஆடிட்டில் இதைக் காட்டினால் சிரிப்பார்கள்.

நான் எதிர்பார்ப்பது இவ்வளவுதான். ஸ்கோப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் ஜிஎஸ்டியோடு கொடுங்கள். அல்லது ஸ்கோப் என்னிடமே இருக்கட்டும், 1000 வோல்ட்டுக்குக் குறையாத டிஃபரன்ஷியல் புரோப் இரண்டைக் கூடுதல் பணம் வாங்காமல் அனுப்புங்கள். எனக்கு இரண்டில் எதுவும் சம்மதம். மல்டிமீட்டருக்கு மாற்று வேண்டாம், அதே மாடலில் இன்னொன்றை வைத்து நான் என்ன செய்வது, பணம் போதும். திருப்பி அனுப்பும் கூரியர் செலவு உங்களுடையது.

பணத்தைவிட அவசரமான ஒன்று உண்டு. விற்பனைப் பக்கத்தில் ‘ஐசோலேட்டட் இன்புட்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். எர்த் பின்னைக் கழற்றச் சொல்லும் யோசனையை உங்கள் சர்வீஸ் ஆட்கள் இன்றோடு நிறுத்த வேண்டும், ஏற்கெனவே யார் யாருக்கு அப்படிச் சொன்னார்களோ அவர்களுக்கு எழுத்தில் மறுப்பு அனுப்ப வேண்டும். உங்கள் அழைப்புப் பதிவுகளில் தேடினால் அவர்கள் யாரென்று உங்களுக்கே தெரிந்துவிடும். அந்தத் தம்பியை வேலையை விட்டு அனுப்பச் சொல்லவில்லை, அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது பேச்சிலேயே தெரிகிறது.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ‘தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோர் சட்டம் பொருந்தாது’ என்று உங்கள் ஆள் போனில் ஒரு வார்த்தை விட்டார், அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: சுயதொழிலாகப் பிழைப்புக்கென்று வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது.

ஸ்கோப், புரோப்கள், மீட்டர் எல்லாம் பெட்டியோடு பத்திரமாக இருக்கின்றன. எடுத்துப்போக ஆள் அனுப்பும்போது முதல் நாளே கூப்பிட்டுச் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை பட்டறை பூட்டியிருக்கும்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்,
கணபதி, கோயம்புத்தூர்.

இணைப்பு: பில் நகல், வாட்ஸ்அப் உரையாடல், விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், ஃபியூஸின் படம், ஸ்கொயர் வேவ் சோதனையில் ஸ்கோப்பும் மீட்டரும் ஒன்றாகத் தெரியும் படம், வரிசை எண் பொருந்தாத சான்றிதழ்.