நகர வெளிச்சத்திலும் நெபுலா கிடைக்கும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வானத்தைப் படம் எடுப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். ஆனால் இருட்டான ஊருக்குப் போகாமல், பெரிய தொலைநோக்கி வாங்காமல் ஒன்றும் நடக்காது என்கிற மாதிரி அது முடிந்தது வருத்தமாக இருந்தது. அதைப் படித்துவிட்டு எத்தனை பேர் கேமராவை உறையை விட்டே எடுக்காமல் இருப்பார்களோ!

நான் இருப்பது தெருவிளக்குகளுக்கு நடுவில். வானம் இரவெல்லாம் சாம்பல் நிறம்தான், விண்மீன்களை எண்ணிவிடலாம். அங்கிருந்துதான் ஓரியன் விண்மீன் கூட்டத்தில் இருக்கும் வாயு, தூசு மேகமான ஓரியன் நெபுலாவை எடுத்தேன். கையில் இருந்தது ஒரு பழைய டிஎஸ்எல்ஆர், 50 மி.மீ. லென்ஸ், முக்காலி.

பூமி சுழல்வதால் கேமரா நிலையாக இருந்தால் விண்மீன்கள் கோடாக இழுபடும். 500-ஐ லென்ஸின் குவியத்தூரத்தால் (லென்ஸின் மேல் மி.மீ. என்று எழுதியிருக்கும் எண்) வகுத்தால் எத்தனை வினாடி திறந்து வைக்கலாம் என்று தோராயமாகத் தெரியும். 50 மி.மீ. லென்ஸுக்கு 10 வினாடி வரும். கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சார் சிறியதாக இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். நான் 4 வினாடிதான் வைத்தேன். அப்படியே 400 படங்கள், மொத்தம் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் வெளிறிப்போன வானம்தான். டீப்ஸ்கைஸ்டாக்கர், சிரில் போன்ற இலவச மென்பொருள்கள் அவற்றை விண்மீன்களைப் பொருத்தி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தருகின்றன. நெபுலாவின் ஒளி எல்லாப் படத்திலும் அதே இடத்தில் விழுகிறது, இரைச்சல் என்று சொல்லப்படும் புள்ளிப் புள்ளியான கறைகளோ படத்துக்குப் படம் மாறுகிறது. அதனால் 100 படம் அடுக்கினால் தெளிவு 10 மடங்கு, 400 அடுக்கினால் 20 மடங்கு. நகரத்து வெளிச்சத்தையும் மென்பொருளிலேயே பெருமளவு கழித்துவிடலாம். ஆனால் அந்த வெளிச்சம் கொண்டுவரும் இரைச்சல் போகாது, அதற்காகத்தான் இத்தனை படங்கள். திரையில் அந்த இளஞ்சிவப்பு மேகம் எழுந்து வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. 1,300 ஆண்டுகளுக்கும் மேலாகப் பயணம் செய்து வந்த ஒளி அது.

முதல் முறை நான் கேமராவே படத்தைச் சுருக்கிவிடும் ஜேபெக்கில் எடுத்து அந்த இரவையே வீணாக்கினேன். புதிதாக முயல்கிறவர்கள் சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா வடிவத்திலேயே எடுக்கட்டும். ஃபோகஸை ஆட்டோவில் விடாமல், பிரகாசமான ஒரு விண்மீனைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் சரிசெய்ய வேண்டும்.

எல்லாமே நகரத்திலிருந்து கிடைத்துவிடாது, அதையும் சொல்ல வேண்டும். மங்கலான விண்மீன் மண்டலங்கள் (கேலக்ஸிகள்) அந்த வெளிச்சத்தில் கரைந்துபோகும். நிலவும் வியாழனும் சனியும் அப்படியில்லை, அவற்றுக்கு நகர வெளிச்சம் ஒரு பொருட்டே இல்லை. கார்த்திகை விண்மீன் கூட்டமும் நன்றாகவே வரும். அப்புறம், சோடியம் விளக்குகள் இருந்த காலத்தில் அவற்றின் மஞ்சள் ஒளியை மட்டும் தடுக்கும் ஃபில்டர் பெரிய உதவியாக இருந்தது. வெள்ளை எல்இடி எல்லா நிறத்திலும் ஒளி விடுவதால் அது இப்போது அவ்வளவாகப் பயன்படுவதில்லை. ஆகவே தொடங்கும்போதே ஃபில்டருக்குச் செலவு செய்ய வேண்டாம்.

நகரத்திலிருந்து வாசகர்கள் எடுக்கும் வான் படங்களுக்கு உங்கள் இதழில் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டுகிறேன். என்ன கேமரா, எத்தனை வினாடி, எத்தனை படங்கள் என்ற விவரத்தையும் கூடவே போடுங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை ஓரியன் மாலை வானிலேயே தெரியும். அதற்குள் அந்தப் பக்கம் வந்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்