உன் கைக்கென்று ஒரு போன், அம்மா

மெல்பர்ன்,
மாசி மாதம்.

அன்புள்ள அம்மாவுக்கு,

காந்திமதி எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் மூவரும் நலம். அங்கே நீயும் அப்பாவும் தம்பி வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன்.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் பொங்கலிட்ட பிறகுதான் புறப்படுவேன், ஆனித் தேருக்குள் நெல்லையப்பர் சன்னதிக்குத் திரும்பிவிட வேண்டும் என்று நீ சொன்னபடியே டிக்கெட் எடுத்தாயிற்று. கணக்குப் பார்த்தால் 70 நாள் நீங்கள் என்னோடு இருப்பீர்கள். பேரன் இப்போதே காலண்டரில் கட்டம் போட்டு அடித்துக்கொண்டிருக்கிறான்.

பேச்சோடு பேச்சாகச் சொன்னால் மறந்துபோகும் என்றுதான் போன் விஷயத்தைக் கடிதமாக எழுதுகிறேன். இதை உன் கைப்பையிலேயே வைத்துக்கொள்.

போன தடவை நடந்தது இன்னும் என் மனத்தில் ஆறவில்லை, அம்மா. வழியில் விமானம் மாறிய ஊரிலேயே உன் போனில் இருந்த பணம் அத்தனையும் ரோமிங்கில் போய்விட்டது. பணம் இல்லாத போனை எதற்குச் சுமப்பது என்று நீ அதை அலமாரியில் வைத்துவிட்டாய். ஒரு நாள் மத்தியானம் பூங்கா வரை நடந்துவிட்டு வருகிறேன் என்று தனியாகக் கிளம்பினாய். நம் கல்லிடைக்குறிச்சியில் தெருவுக்கு ஒரு கோயில், திருப்பத்துக்கு ஒரு கடை. கண்ணை மூடிக்கொண்டு ஆற்றுக்குப் போய்த் திரும்புகிறவள் நீ. இங்கே எல்லா வீடும் ஒரே செங்கல், ஒரே வேலி, வெளியே ஓர் ஆள் நிற்பதில்லை. எந்த அடையாளத்தை வைத்து நீ திரும்பியிருக்க முடியும்? வழியில் ஒரு பெண் தன் போனை உன்னிடம் நீட்டினாளாம். என் எண் உனக்குத் தெரியவில்லை. அது உன் போனுக்குள் என் பெயரில் அல்லவா இருந்தது. நாங்கள் காரில் சுற்றிச் சுற்றித் தேடி வந்தபோது, தூறலில் ஒரு தைல மரத்தடியில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாய். என்னைப் பார்த்ததும், "ஒன்றும் இல்லை, இப்போதுதான் வந்து நின்றேன்" என்றாய். உன் கை ஐஸ் மாதிரி இருந்தது.

அதன் பிறகு நீ தனியாக வாசல் தாண்டவில்லை. கடையத்துப் பெரியம்மாவோடு பேச வேண்டும் என்றாலும் நான் வேலையிலிருந்து வரும்வரை காத்திருந்து, "கொஞ்சம் போனைத் தருகிறாயா" என்று கேட்பாய். நான் பக்கத்தில் இருப்பதால் பாதிப் பேச்சில் நிறுத்திக்கொள்வாய். அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ள ஆயிரம் இருக்கும். தப்பு என்னுடையதுதான். வீட்டில் இரண்டு போன் இருக்கும்போது அம்மாவுக்குத் தனியாக எதற்கு என்று நினைத்துவிட்டேன். நம் ஊரில் பாங்கு, சந்தை, கோயில் என்று யாரையும் எதிர்பார்க்காமல் போய்வருகிற உன்னை, இங்கே போனுக்குக்கூட என் முகம் பார்க்க வைத்துவிட்டேன்.

அதனால் இந்த முறை உனக்கென்று ஒரு பிரீபெய்டு சிம் வாங்கி வைத்திருக்கிறேன். இங்கே இதற்குத் தனிக் கடை தேட வேண்டியதில்லை. பால், ரொட்டி விற்கும் சூப்பர் மார்க்கெட்டிலேயே தொங்கவிட்டிருப்பார்கள். உன் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்துப் பதிந்தால் போதும். ஒரு முறை பணம் போட்டால் 28 நாள். மூன்று முறை போட்டால் 84 நாள் ஆயிற்று, உங்கள் 70 நாளுக்கு அது தாராளம். ஒவ்வொரு முறையும் 30 டாலர். அதை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்து மனத்தைக் கஷ்டப்படுத்திக்கொள்ளாதே. பில் என்று பின்னால் எதுவும் வராது. போட்ட பணத்துக்கு மேல் ஒரு காசு எடுக்க முடியாது என்பதால்தான் பிரீபெய்டு. இந்தியாவுக்குப் பேசுவதும் இந்தப் பணத்திலேயே அடக்கம். பெரியம்மாவிடம் இருப்பது பட்டன் போன், வாட்ஸ்அப் கிடையாது. அவர்களுக்காகத்தான் இப்படிப்பட்ட திட்டமாகத் தேடி எடுத்தேன். நீ எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு.

அப்பாவிடம் ஒன்று சொல்ல வேண்டும், வருத்தப்படாமல் கேட்கச் சொல். அவருடைய பட்டன் போன் இங்கே வேலை செய்யாது. இந்த நாட்டில் 2ஜி எப்போதோ போய்விட்டது. 3ஜி-யையும் 2024 அக்டோபர் கடைசியில் மொத்தமாக நிறுத்திவிட்டார்கள். இப்போது 4ஜி-யில் குரல் அழைப்பு போகிற போன்தான் வேண்டும். அவசர எண்ணான 000-வைக் கூப்பிட முடியாத போனுக்கு எந்தக் கம்பெனியும் இணைப்பே தரக்கூடாது என்பது இங்கே சட்டம். அதை ஊரிலேயே தம்பியிடம் கொடுத்துவிட்டு வரட்டும். அவருக்கும் ஒன்று இங்கே எடுத்து வைத்திருக்கிறேன்.

உன் ஊர் சிம்மை மட்டும் கழற்றவே கூடாது. போன தடவை அப்பா ஊக்கால் குத்திச் சிம்மை எடுத்து, நெல்லையப்பர் கோயில் விபூதிப் பொட்டலத்தில் மடித்து உன் குங்குமச் சிமிழுக்குள் பத்திரமாக வைத்தார். பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் பென்ஷன் கணக்குக்கு பாங்கிலிருந்து வரும் ஓடிபி அந்தச் சிம்முக்கு அல்லவா வர வேண்டும்? எட்டு நாள் அலைந்தோம். உன் போனில் இரண்டு சிம் போடலாம். ஊர் சிம் முதல் இடத்தில் அப்படியே இருக்கட்டும், இந்த ஊர் சிம்மை இரண்டாவது இடத்தில் நான் போட்டுத் தருகிறேன். புறப்படும் முன் தம்பியை மூன்று வேலை செய்யச் சொல். ரோமிங்கைத் திறந்து வைக்க வேண்டும், நீ திரும்பும் நாள் வரை செல்லுபடியாகும்படி ரீசார்ஜ் செய்ய வேண்டும், அந்தச் சிம்மில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட வேண்டும். போன தடவை பணத்தைத் தின்றது இந்த டேட்டாதான். மெசேஜ் வருவதற்குக் காசு இல்லை. அந்த எண்ணில் யாராவது கூப்பிட்டால் எடுத்தாலே காசு. அதனால் எடுக்காமல் விட்டு, இந்த ஊர் எண்ணிலிருந்து நீயே திரும்பக் கூப்பிடு. புது சிம் போட்டதும் வாட்ஸ்அப் எண்ணை மாற்றவா என்று கேட்கும். வேண்டாம் என்று அழுத்து. பழைய எண்ணிலேயே எல்லோரும் உன்னோடு பேசலாம்.

விமானம் மாறும் ஊரில் போனை ஏரோப்ளேன் மோடிலேயே வைத்திருங்கள். அங்கே வைஃபை இலவசம், இறங்கியதும் ஒரு வரி அனுப்பினால் எனக்கு நிம்மதி.

இங்குள்ள மொபைல் எண்கள் 04 என்று தொடங்கும். ஊரிலிருந்து கூப்பிடுகிறவர்கள் முன்னால் உள்ள சுழியை விட்டுவிட்டு, +61 போட்டு 4-லிருந்து அழுத்த வேண்டும். இங்கிருந்து நீ கூப்பிடும்போது 0011, பிறகு 91. என் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துவிடு, அம்மா. இந்த ஊர்க்காரர்கள் நான்கு, மூன்று, மூன்று என்று பிரித்துச் சொல்வார்கள். பதினைந்து புள்ளிக் கோலத்தை வரிசை பிசகாமல் நினைவில் வைத்திருக்கிற உனக்கு இது பெரிய காரியம் இல்லை. இருந்தாலும் பெரிய எழுத்தில் எழுதி உன் மஞ்சள் பையின் உள்பக்கம் வைத்துத் தைத்துவிடுகிறேன். ஆபத்து என்றால் 000. வேறு ஏதாவது பேச மொழி தடையாக இருந்தால் 131 450. "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்க்க ஆளைச் சேர்த்துவிடுவார்கள்.

இதை எழுதும்போது 2006 நினைவுக்கு வருகிறது. நான் வந்த புதிதில் நம் வீட்டில் போன் இல்லை. இந்தியக் கடையில் காலிங் கார்டு வாங்கி, நாணயத்தால் சுரண்டி, அந்த நீள எண்ணை அழுத்தி, பிறகு 91, 4634 என்று போட்டு எதிர்வீட்டு ஆச்சியைக் கூப்பிடுவேன். ஆச்சி வாசலில் நின்று உன்னை அழைக்கும் சத்தமும், நீ ஓடி வருகிற காலடியும் எனக்குக் கேட்கும். நீ மூச்சு வாங்கிக்கொண்டு "காந்தி" என்று சொல்வதற்குள் கார்டில் இரண்டு நிமிடம் கரைந்திருக்கும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அடுத்த கார்டு வாங்குவேன்.

உன் சிம் அட்டை பூஜை அலமாரியில் பிள்ளையார் பக்கத்தில் இருக்கிறது. முதல் போன் கடையத்துக்குத்தான். சித்திரை, வைகாசியில் அங்கே காலை 6 மணி என்றால் இங்கே பத்தரை. நான் வேலைக்குப் போயிருப்பேன், வீடு உன் கையில். பெரியம்மாவிடம் இப்போதே சொல்லி வை. வெளிநாட்டு எண் என்றால் மோசடிக்காரர்கள் என்று பயந்து அவர்கள் எடுப்பதில்லை அல்லவா? 61 என்று தொடங்கி ஒரு போன் வரும், அது நீதான் என்று சொல்.

அன்பு மகள்,
காந்திமதி