பாலோ டூரோவிலிருந்து

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. கடைசிப் பசுவையும் விற்றுவிட்டாயாமே. தொழுவத்துப் பக்கம் போகவே மனசு வரவில்லை என்று எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன்.

நாங்கள் அமரில்லோவுக்குக் குடிவந்து நாலு மாதமாகிறது. டெக்சாஸின் வட கோடி. கடல் மட்டத்துக்கு 1,100 மீட்டர் மேலே இருந்தாலும் மலை ஒன்றும் கிடையாது. கண்ணுக்கெட்டிய வரை தட்டையான புல்வெளி, ஓயாத காற்று. வருஷத்துக்கு 50 செ.மீ. மழை பெய்தால் அதிகம். வெறும் பொட்டல் என்றுதான் நினைத்திருந்தேன், பாலோ டூரோ பள்ளத்தாக்கைப் பார்க்கும்வரை. சமவெளி சட்டென்று அறுந்து, 240 மீட்டர் ஆழத்துக்குச் சிவப்புப் பாறையாக இறங்குகிறது.

குளிர்காலத்தில் காற்றுக்கு ஒதுங்கி கமாஞ்சே, கயோவா என்ற பூர்வகுடிகள் கூடாரம் அடித்த இடம் அது. 1874 செப்டம்பர் 28 அன்று அவர்களை அடக்க அமெரிக்க ராணுவத்தின் கர்னல் மெக்கன்சியின் படை அங்கே இறங்கியது. செத்தவர்கள் சிலர்தான். ஆனால் கூடாரங்களையும் குளிர்காலத்துக்குச் சேர்த்த உணவையும் எரித்துவிட்டார்கள். சுமார் 1,400 குதிரைகளைப் பிடித்து, அதில் ஆயிரத்துக்கு மேல் சுட்டே கொன்றார்கள். குதிரை போனால் வேட்டை ஏது, சோறு ஏது? மறு வருஷம் கமாஞ்சே தலைவர் குவானா பார்க்கரின் கூட்டமும் சரணடைந்தது. அந்தக் குதிரைகளை நினைத்தால் இன்னும் எனக்கு ஆறவில்லை.

1876-ல் சார்லஸ் குட்நைட் என்பவர் அதே பள்ளத்தாக்குக்குள் 1,600 மாடுகளை ஓட்டி வந்து பண்ணை வைத்தார். செங்குத்துப் பாறையே பாதி வேலி. பண்ணை பிற்பாடு பத்து லட்சம் ஏக்கரைத் தாண்டியது. அந்தப் புல்லை அதுவரை மேய்ந்த காட்டெருமைகளைத் தோலுக்காக வேட்டைக்காரர்கள் சுட்டுத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். தாயில்லாமல் நின்ற கன்றுகளைப் பார்த்து குட்நைட்டின் மனைவி மேரி ஆனுக்குத் தாங்கவில்லை. சிலவற்றையாவது பிடித்து வந்து வளர்க்கச் சொன்னார். இங்கே எல்லோரும் குட்நைட்டைப் பேசுகிறார்கள். எனக்கு அந்த அம்மாதான் பெரியவர்.

அந்தக் கன்றுகளின் வம்சம் இப்போது கேப்ராக் கேன்யன்ஸ் பூங்காவில் மேய்கிறது. போன ஞாயிறு போயிருந்தோம். சாலையோரம் ஒரு தாய், கன்றை நக்கிக்கொண்டு நின்றது. வண்டியை நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் லட்சுமி ஞாபகம்தான்.

அவள் ஈன்ற கிடாரி ஒன்றைப் பக்கத்து ஊருக்குக் கொடுத்தீர்களே, அது இப்போது யார் வீட்டில் இருக்கிறது? விசாரித்து எழுது. தை மாதம் வருகிறேன், சேர்ந்தே போய்ப் பார்ப்போம்.

அன்புடன்,
கண்ணன்