ஐந்து வருட விசாவுக்குப் பத்து வருட வீடா? மலேசிய சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அமைச்சர் அவர்களுக்கும், வெளிநாட்டவர் நீண்டகால விசாவில் வந்து தங்க வழிசெய்யும் ‘மலேசியா எனது இரண்டாவது இல்லம்’ திட்டத்தைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

லண்டனில் வேலை செய்து இளைப்பாறிய ஈழத்தமிழர் பலருக்கு உங்கள் நாட்டின் மீது ஒரு கண் உண்டு. குளிர் இல்லை. பினாங்கில் நல்ல மருத்துவமனைகள் இருக்கின்றன. வானொலியைத் திருப்பினால் மின்னல் எஃப்எம்மில் தமிழ் கேட்கிறது, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் இருக்கிறது. இப்படி யோசிப்பவர்களில் நானும் ஒருவன். எங்களுக்கு உங்கள் நாட்டில் குறை ஒன்றுமில்லை. உங்கள் விதிகள்தான் பயமுறுத்துகின்றன.

2002-இல் தொடங்கிய திட்டம் நீண்ட காலம் ஒழுங்காகவே ஓடியது. 50 வயதைத் தாண்டியவர் 1,50,000 ரிங்கிட்டை நிரந்தர வைப்பில் போட்டு, மாதம் 10,000 ரிங்கிட் வருமானம் காட்டினால் பத்து வருட விசா கிடைத்தது. 2020-இல் அதை நிறுத்திவைத்தீர்கள். 2021-இல் திரும்ப வந்தபோது மாத வருமானம் 40,000, வைப்பு பத்து லட்சம், விசா ஐந்தே வருடம். ஏற்கெனவே குடியிருந்தவர்களும் புதிய நிபந்தனைகளுக்கு வர வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. ஜொகூர் சுல்தானே வெளிப்படையாகக் கண்டித்த பிறகு, பழையவர்களுக்கு நிதி நிபந்தனைகளில் விலக்குக் கொடுத்தீர்கள். நல்லதுதான். ஆனால் அதற்குள் எத்தனை பேர் பெட்டி கட்டத் தொடங்கினார்களோ!

2024-இல் மறுபடியும் மாற்றம். இப்போது சில்வர், கோல்ட், பிளாட்டினம் என மூன்று பிரிவுகள். வருமானச் சான்று போய்விட்டது, நன்றி. சில்வருக்கு 1,50,000 அமெரிக்க டொலர் வைப்பு, கூடவே குறைந்தது 6,00,000 ரிங்கிட்டுக்கு ஒரு வீடு கட்டாயம் வாங்க வேண்டும். அந்த வீட்டைப் பத்து வருடத்துக்கு விற்க முடியாது, அதைவிட விலை கூடிய வீட்டுக்கு மாறினால் ஒழிய. சில்வர் விசாவின் காலமோ ஐந்து வருடம்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கணக்கு இடிக்கிறது. 68 வயதில் வருபவர் 78 வரை அந்த வீட்டோடு கட்டுண்டு கிடப்பார். ஐந்தாம் வருடம் விசா புதுப்பிக்கப்படாவிட்டால் வீட்டை என்ன செய்வது? இடையில் அவர் இறந்துபோனால் மனைவி அதை விற்றுவிட்டுப் பிள்ளைகளிடம் போகலாமா? முழங்கால் போய்விட்டது, மாடிப்படி முடியாது, மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு போதும் என்று நினைப்பவருக்கு, விலை கூடிய வீட்டுக்குத்தான் மாறலாம் என்ற விதி எதற்கு? முதுமையில் மனிதர் பெரிய வீட்டிலிருந்து சிறிய வீட்டுக்குத்தானே போவார்கள்?

எங்கள் கையிருப்பையும் கொஞ்சம் பாருங்கள். பிரித்தானிய அரசு பென்சன் மலேசியாவில் குடியேறியவருக்கு வருடா வருடம் உயராது, வந்த நாளில் இருந்த தொகையிலேயே நின்றுவிடும். வருமானம் பவுண்டில், வைப்பு டொலரில், வீடு ரிங்கிட்டில். மூன்று நாணயங்களின் ஏற்ற இறக்கத்தையும் சமாளித்துக்கொள்வோம், சரி. விதியும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறினால் எப்படி?

வயதுக்கு ஏற்றபடி விதி எழுத உங்களுக்குத் தெரியாமலில்லை. ஜொகூரின் ஃபாரஸ்ட் சிட்டி வட்டாரத்துக்கு 50-க்குக் கீழே உள்ளவர் 65,000 டொலர் வைப்பிட வேண்டும் என்றால், 50-ஐத் தாண்டியவருக்கு 32,000 போதும், விசாவும் பத்து வருடம். (ஆளரவமே குறைந்த அந்த அடுக்குமாடிக் கோபுரங்களில் போய் முதியவர் யாரோடு பேசுவார் என்பது வேறு கதை.) அந்தச் சலுகை பினாங்குக்கும் ஈப்போவுக்கும் ஏன் இல்லை?

ஆகவே கேட்கிறேன்: 60-ஐத் தாண்டியவர்களுக்கு வீடு வாங்கும் கட்டாயத்தை எடுத்துவிடுங்கள், வாடகை ஒப்பந்தத்தையே ஏற்றுக்கொள்ளுங்கள். அது முடியாதென்றால் விற்கத் தடையுள்ள காலத்தை விசாக் காலத்தோடு சமமாக்குங்கள். இறப்பு, கடும் நோய், விசா மறுப்பு ஆகியவற்றின்போது வீட்டையும் வைப்பையும் எப்படி விடுவிப்பது என்பதை விண்ணப்பத்தோடு தரும் தாளிலேயே எழுதிவையுங்கள், முகவர் வாய்மொழியாகச் சொல்வதை நம்பிக் காசு போட முடியாது. அப்புறம், ஒருவர் எந்த விதியின்கீழ் நுழைந்தாரோ அந்த விதியே அவருடைய புதுப்பித்தல்களுக்கும் செல்லும் என்று அரசிதழில் அறிவியுங்கள். ஊடகச் செய்தியில் வரும் விலக்கு அடுத்த அமைச்சர் வந்ததும் மாறலாம்.

இப்படிக்கு,
விண்ணப்பத்தை நிரப்பி, அனுப்பாமல் வைத்திருக்கும் ஒரு பென்சன்காரர்