12 கிலோமீட்டர் சாலைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

திண்டுக்கல்லுக்குக் கிழக்கே, நத்தம் போகும் திசையில் இருக்கும் நம் 12 கிலோமீட்டர் ஊர்ச்சாலையின் வரைபடத் தொகுப்பைப் போன வெள்ளிக்கிழமை ஒப்படைத்துவிட்டேன். 3.75 மீட்டர் தார்ச்சாலை 5.5 மீட்டராக அகலப்போகிறது. இன்ஃப்ராவொர்க்ஸ் என்ற மென்பொருளில் முதல்கட்ட வடிவமைப்பு 2 நாளில் முடிந்தது. அதைச் சிவில் 3டி என்ற வரைவு மென்பொருளுக்குள் கொண்டுவந்து விரிவான வடிவமைப்பு ஆக்க 3 வாரம் ஆயிற்று. அந்த 3 வாரமும் நீங்கள் இல்லையென்றால் வேலை நடந்திருக்காது. அதை எல்லோரும் அறியச் சொல்ல வேண்டும் என்றுதான் இந்த மடல்.

சர்வேயர் அண்ணே, முதல் நன்றி உங்களுக்கு. இன்ஃப்ராவொர்க்ஸ் மாடலைச் சிவில் 3டியில் திறந்ததும் சாலையின் மையக்கோடும், அதன் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் நெடுக்குவெட்டும் வந்துவிட்டன. நீங்கள் அனுப்பிய புள்ளிகளைத்தான் காணோம். தேடினால் 650 கிலோமீட்டருக்கு அப்பால் கிடந்தன. மதுரை வேலைகளில் பழகிய என் கை, வரைபடத்துக்கு யு.டி.எம். (பூமியை 6 டிகிரிப் பட்டைகளாகப் பிரிக்கும் ஆயமுறை) 44-ஆம் மண்டலத்தைக் கொடுத்திருந்தது. நீங்கள் திண்டுக்கல்லில் பேஸ் (நிலையாக நிற்கும் ஜி.பி.எஸ். கருவி) வைத்து 43-இல் எடுத்திருந்தீர்கள். இரண்டுக்கும் எல்லையான 78 டிகிரி கிழக்குக் கோடு நம் சாலைக்குக் குறுக்கேதான் போகிறது. மாடலுக்கும் வரைபடத்துக்கும் மண்டலம் சொல்லியிருந்தால் மென்பொருளே மாற்றிக்கொள்ளும். நீங்கள் அனுப்பிய சி.எஸ்.வி. கோப்பில் இருப்பது வெறும் எண்கள். அவை எந்த மண்டலத்து எண்கள் என்று ஆள்தான் சொல்ல வேண்டும். "ஈஸ்டிங் எட்டு லட்சத்துல இருக்கா, ஒன்றே முக்கால் லட்சத்துக்குப் பக்கத்துல இருக்கா தம்பி?" என்று கிழக்கு ஆயத்தொலைவைக் கேட்டு ஒரே போனில் பிடித்துவிட்டீர்கள்.

அதைச் சரிசெய்த பிறகு புள்ளிகள் சாலைக்கு நேர் கீழே, சுமார் 90 மீட்டர் ஆழத்தில் போய் நின்றன. மாடலின் நிலம் கடல்மட்டத்தை ஒட்டிய உயரத்தில் இருக்கிறது, டி.ஜி.பி.எஸ். கருவி தருவதோ பூமிக்குக் கணக்காக வைத்த நீள்கோளத்திலிருந்து அளந்த உயரம். நம் தெற்கில் இரண்டுக்கும் அவ்வளவு பெரிய வித்தியாசம். ஒரு எண்ணைக் கூட்டிவிட்டு முடித்திருக்கலாம். நீங்கள் அப்படி விடவில்லை. இந்திய சர்வே துறை உயரம் குறித்து வைத்த ஜி.டி.எஸ். பெஞ்ச்மார்க்கைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து ஆட்டோ லெவல் கருவியில் மட்டம் கடத்திக்கொண்டே மே மாத வெயிலில் சாலை முழுக்க நடந்தீர்கள்.

உங்களோடு வந்த உதவியாளர் தம்பிக்கும் தனியாக ஒரு நன்றி. வரைபடத்தில் 500 மீட்டர் இடைவெளியில் இருந்த இரண்டு தூண்களுக்கு தரையில் தூரம் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவி 46 சென்டிமீட்டர் குறைவாகக் காட்டுகிறது என்று சொன்னது அவர்தான். மண்டலத்தின் ஓரத்தில் வரைபடத் தூரம் தரையைவிடக் கூடிவிடும். நம் இடத்தில் கிலோமீட்டருக்கு 90 சென்டிமீட்டருக்கு மேல். கவனிக்காமல் விட்டிருந்தால் கடைசிக் கல்லில் 11 மீட்டர் இடித்திருக்கும்.

சென்னையிலிருந்து இரவு 11 மணிக்கும் திரையைப் பகிர்ந்து உட்கார்ந்த தோழியே, முதல்கட்ட நெடுக்குவெட்டை அழிக்காமல் ஒப்பிடுவதற்காக மட்டும் வைத்துக்கொண்டு, சர்வே நிலத்தின் மேல் புதிதாக ஒன்று போடச் சொன்னாய். அந்த ஒரு யோசனை எனக்கு ஒரு வாரத்தை மிச்சம் பிடித்தது. நீ கொடுத்த டெம்ப்ளேட்டும், சாலைக் குறுக்குவெட்டின் அசெம்பிளியும் இனி எங்கள் அலுவலகத்தில் எல்லா வேலைக்கும் பயன்படும்.

ஓய்வுபெற்ற கோட்டப் பொறியாளர் ஐயா, வளைவுகளின் புறஉயர்வு (வெளி ஓரத்தை உயர்த்தும் சரிவு) அமெரிக்க ஆஷ்டோ அட்டவணையிலிருந்து வந்திருப்பதை அச்சிட்ட தாளைப் பார்த்த மாத்திரத்தில் சொன்னீர்கள். இந்திய சாலைக் காங்கிரஸின் (ஐ.ஆர்.சி.) முறையை உங்கள் கையாலேயே எழுதிக் காட்டினீர்கள்: வேகத்தின் வர்க்கத்தை, ஆரத்தின் 225 மடங்கால் வகுக்க வேண்டும். 50 கி.மீ. வேகம், 150 மீட்டர் ஆரம், 7.4 சதவீதம் வந்தது. "சமவெளிக்கு ஏழுல நிறுத்துங்க. மிச்சத்தை உராய்வு தாங்குதான்னு பாருங்க" என்றீர்கள். தாங்கியது. அந்தத் தாளைப் பத்திரமாகக் கோப்பில் வைத்திருக்கிறேன்.

கண்மாயில் மடை திறந்து அடைக்கும் தாத்தாவுக்கு இதைப் பேரன் வாசித்துக் காட்டட்டும்.

தாத்தா, நான் முதலில் நம்பியது 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் வைத்து எடுத்த உயரத்தை. 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. அதில் புளியமர வரிசை மேடாகத் தெரிந்தது. உங்கள் கண்மாய்க் கரையும், மிச்சத் தண்ணீர் வழியும் மறுகாலும் இருந்த இடமே தெரியவில்லை. அதனால் 4/600-இல் (4 கிலோமீட்டர் தாண்டி 600-ஆவது மீட்டரில்) பாலம் எதுவும் இல்லாமல் சாலை வழவழவென்று ஓடியது. நீங்கள் எங்களைப் பிள்ளையார் மேடைக்குக் கூட்டிப்போய், கைத்தடியை இரண்டாம் படியில் ஊன்றி, "மறுகா பாஞ்சா தண்ணி இதுவரைக்கும் நிக்கும்" என்றீர்கள். அண்ணன் அங்கேயே ஸ்டாஃபை (அளவுகோலை) வைத்து ஆர்.எல்., அதாவது அந்த இடத்தின் மட்டம், எடுத்தார். பக்கத்து வீட்டு அம்மா அதே படியைக் காட்டி, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போன நாட்களைச் சொன்னார். அவருக்கும், அன்று தந்த மோருக்கும் நன்றி.

இப்போது அந்த இரண்டாம் படியின் மட்டம்தான் 7-ஆம் தாளில் உயர்வெள்ள மட்டம். சாலை அதற்கு மேலே ஏறிவிட்டது. மறுகால் தண்ணீர் போக 4/600-இல் இரண்டு கண் பெட்டிப்பாலம் வருகிறது. அதற்கு மார்க்கிங் போடும் அன்று உங்களைக் கூட்டிப்போக நானே வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன், தாத்தா.

நன்றியுடன்,
உங்கள் சாலைப் பொறியாளர்