வாரண்டு ரத்தாகிவிட்டது, உங்கள் எல்லாருக்கும் நன்றி

ஊர்ப் பெரியவர்களுக்கும், பெங்களூரு, ஓசூர் பக்கம் வேலைக்குப் போயிருக்கும் நம் சொந்தங்களுக்கும், இத்தனை நாளாகக் கூடவே நின்ற ஒவ்வொருவருக்கும் வணக்கம்.

பழைய குடிநீர் மறியல் வழக்கில், நேற்று கோர்ட்டுக்கு வந்த நம் ஊர்க்காரர்கள் அத்தனை பேர் மேலிருந்த பிடிவாரண்டும் திரும்பப் பெறப்பட்டுவிட்டது. அண்ணன் ஏற்கெனவே ஜாமீனில் வந்துவிட்டான். திருவிழா இரவில் போலீஸ் அவனைப் பிடித்துப் போனபோது என்ன நடந்தது என்று நான் திரும்ப எழுதப் போவதில்லை. அன்றைக்கு அம்மா நின்ற நிலையை நீங்கள் எல்லாருமே பார்த்தீர்கள். நன்றி சொல்வதை இன்னொரு நாளுக்குத் தள்ளிப்போட மனசு வரவில்லை, அதனால் விடிந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் நன்றி கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு. பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அக்கா என்றே எழுதுகிறேன்.

அண்ணனுடைய ஆதாரை நகல் எடுக்கத்தான் அவர் கடைக்குப் போனேன். மெஷினில் காகிதத்தை வைத்துக்கொண்டே என் கையிலிருந்த மற்ற தாள்களைப் பார்த்தார். "தம்பி, இது ஸ்ப்ளிட் பண்ண கேஸாச்சே. அன்னிக்கு மறியல்ல இருந்துட்டு அப்புறம் வெளியூர் போனவங்க வேற யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை எங்களிடம் யாருமே கேட்கவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை. எல்லாருக்கும் அண்ணன் ஒருத்தன் நினைப்புதான்.

குடிநீர் மறியல் வழக்கு எப்போதோ முடிந்துபோனது என்றுதான் ஊரே நினைத்திருந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தது. அதற்கு முந்தைய கோடையில் காலிக் குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்தவர்கள் மேல் போட்ட வழக்கு இது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 143 (சட்டவிரோதமாகக் கூடியது), 341 என்று இரண்டு பிரிவுகள். ரோட்டை மறித்ததற்கான 341க்கு அதிகபட்சமே ஒரு மாதச் சிறையும் 500 ரூபாய் அபராதமும்தான். வாய்தாவுக்கு ஒழுங்காகப் போனவர்கள் விடுதலையாகி, வீட்டுக்கு வீடு இனிப்பும் கொடுத்தோம். வராதவர்களை மட்டும் தனியாகப் பிரித்து, அதற்கு வேறு நம்பர் போட்டு, பிடிவாரண்டும் பிறப்பித்து, அந்தக் கட்டு கோர்ட்டில் அப்படியே இருந்திருக்கிறது. சம்மன் ஊர் விலாசத்துக்கு வந்திருக்கிறது. அந்த நேரத்தில் அவர்கள் பெங்களூருவில் சென்ட்ரிங் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா கம்ப்யூட்டரில், கோர்ட் வழக்குகளின் விவரத்தைத் தேடிப் பார்க்கும் இ-கோர்ட்ஸ் தளத்தைத் திறந்தார். பெயரில் குறைந்தது மூன்று எழுத்து, வழக்குப் பதிவான வருடம், கோர்ட், இத்தனையும் கொடுத்தால்தான் தேடும். ஒவ்வொரு முறையும் படத்தில் இருக்கும் எழுத்துகளைப் பார்த்துத் திரும்ப அடிக்க வேண்டும். பெரிய சிக்கல் பெயர்தான். ஆங்கிலத்தில் மாதம்மாளை ஒருவர் இரண்டு 'எம்' போட்டு எழுதியிருப்பார், இன்னொருவர் கடைசி 'எல்'லை விட்டிருப்பார். முனுசாமிக்கு நடுவில் சிலர் 'டபிள்யூ' சேர்ப்பார்கள். அதிலும் நம் பக்கம் மாது என்று கூப்பிட்டால் ஒரு தெருவே திரும்பிப் பார்க்கும். அக்கா சலிக்காமல் மாற்றி மாற்றி அடித்தார். யாராவது நகல் எடுக்க வந்தால் எழுந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, திரும்ப வந்து விட்ட இடத்திலிருந்தே தொடங்கினார். அப்பா பெயர், புருஷன் பெயர் எல்லாவற்றையும் என்னிடம் கேட்டு ஒத்துப் பார்த்த பிறகுதான் 'இது உங்க ஆளுதான்' என்று சொன்னார்.

அப்படித்தான் எங்கள் சின்னம்மா பெயரும் வந்தது. திரையில் அதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. சித்தப்பா போன பிறகு கொஞ்ச காலம் சித்தாள் வேலைக்குப் போய்விட்டு, ஊருக்கே திரும்பி வந்து ஆடு மேய்த்துக்கொண்டிருக்கிற மனுஷி. மாசாமாசம் மாத்திரை வாங்க தர்மபுரிக்கு பஸ் ஏறுகிறவர். அவர் மேல் ஜாமீனில் விட முடியாத பிடிவாரண்டு இருக்கிறது என்று யார் நினைப்பார்கள்? அண்ணனைக் கூட்டிப் போனதுபோல ஒரு ராத்திரி அவரையும் கூட்டிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

தேடி முடித்ததும் அக்கா ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் எடுத்து, தமிழில் கொட்டை எழுத்தில் பெயர், வழக்கு எண், வருடம், எந்த கோர்ட், அடுத்த வாய்தா தேதி எல்லாம் எழுதிக் கொடுத்தார். சின்னம்மாவால் பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான் படிக்க முடியும் என்று நான் சொன்னதால், அவருடைய தாளில் தேதியை மட்டும் இன்னும் பெரிதாகப் போட்டு வட்டம் போட்டார். நகலுக்கான காசைத் தவிர வேறு ஒரு ரூபாய் வாங்கவில்லை. "போலீஸ் வர்றதுக்கு முன்னாடி நீங்களே வக்கீலோட போயிடுங்க தம்பி" என்றார்.

அப்புறம், சட்டப் பணிகள் குழுவிலிருந்து வந்த வக்கீல் அம்மாவுக்கு நன்றி. 1987ஆம் வருடச் சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள் என்பதே எங்களில் பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. சம்மனோ சாதாரண வாரண்டோ போதாது என்று தெரிந்தால்தான் இந்த மாதிரிப் பிடிவாரண்டு போட வேண்டும் என்று 2007இல் இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்து, வாரண்டைத் திரும்பப் பெறக் கேட்கும் ரீகால் மனுவை அவர் போட்டார். பழைய எஃப்.ஐ.ஆர். நம்பரைத் தேடி எடுத்துக் கொடுத்த கோர்ட் டியூட்டி ஏட்டையாவுக்கும், தக்காளி பறிக்கிற நாளில் வேலையை விட்டுவிட்டு வரி ரசீதோடு ஜாமீன் கையெழுத்துப் போட வந்த மாமாக்களுக்கும், சம்பளம் பிடிக்காமல் ஆட்களை அனுப்பிவைத்த மேஸ்திரிக்கும், டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு வேன் ஓட்டிய தம்பிக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

இனி நான் செய்யப்போவதையும் சொல்லிவிடுகிறேன். 'பத்து வருஷம் ஆச்சு, இனிமேல் ஒண்ணும் இருக்காது' என்று நம் ஊரில் சுலபமாகச் சொல்கிறோம். பிடிவாரண்டு தானாகக் காலாவதி ஆகாது. ஆளைப் பிடித்து நிறைவேற்றும்வரை, இல்லாவிட்டால் பிறப்பித்த கோர்ட்டே ரத்து செய்யும்வரை அது உயிரோடுதான் இருக்கும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 70ஆவது பிரிவு இதைத்தான் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டத்தின் 72ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. நாமே போய் நின்றால் கட்டாயம் விட்டுவிடுவார்கள் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன், அது நீதிபதி கையில் இருக்கிறது. ஆனால் ராத்திரியில் பிடிபட்டுப் போவதையும், பகலில் வக்கீலோடு போய் நிற்பதையும் ஒரே குடும்பத்தில் பார்த்துவிட்டேன். முதலாவது இனி நம் ஊரில் ஒருவருக்கும் வரக் கூடாது.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் போனோடு உட்கார்ந்திருப்பேன். மறியலோ, அடிதடியோ, வரப்புத் தகராறோ, எந்தப் பழைய வழக்காக இருந்தாலும் சரி, பக்கத்து ஊர்க்காரர்களும் வரலாம். தேடுகிற விதத்தை அக்கா எனக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். எஃப்.ஐ.ஆர். நம்பர் இருந்தால் எடுத்து வாருங்கள். இல்லாவிட்டால் அப்பா பெயரும், ஏறக்குறைய எந்த வருடம் என்பதும் தெரிந்தால் போதும். வர முடியாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம். பெங்களூருவிலேயே இன்னும் தங்கியிருக்கும் நம் ஆட்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் தாள்கள் என்னிடம்தான் இருக்கின்றன. அடுத்த வாய்தாவுக்கு முந்தின நாளே ஊருக்கு வந்துவிடுங்கள், வக்கீல் அம்மாவிடம் பேசி வைத்திருக்கிறேன்.